மலையூர்ப் பூங்கா: சதுப்பு, புல், உரியவர்கள்

நீலகிரியில் ஒரு நகராட்சியோ பேரூராட்சியோ பூங்கா அமைக்க முடிவெடுத்தால், வரைபடம் கைக்கு வருவதற்கு முன்பே அதன் உருவம் தயாராகிவிடுகிறது. வாயிலில் வளைவு, சீராக வெட்டிய புல்தரை, பெட்டூனியா, சால்வியா, டேலியா பாத்திகள், செயற்கை நீரூற்று, நடுவில் சிமெண்டில் வார்த்த தோடர் குடிசை, அதன் முன் படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை. "பழங்குடி மரபைப் போற்றும் பூங்கா" என்று அழைப்பிதழில் அச்சாகும். அந்தக் குடிசையில் எவரும் வாழ்ந்ததில்லை. அதைக் கட்டும்போது எந்தத் தோடரையும் கேட்டிருக்க மாட்டார்கள். சுற்றியுள்ள பாத்திகளில் இந்த மலையின் செடி ஒன்றாவது இருக்குமா என்பதும் சந்தேகம்.

இந்த அத்தியாயம் வேறொரு வழியைச் சொல்கிறது. மரபை வார்த்து நிறுத்த முடியாது. அது தொடர்வதற்கு வேண்டிய பொருள் பூங்காவில் விளைய வேண்டும். அதை அறுத்துப் போக உரியவர்கள் வந்து போக வேண்டும். அப்படி நடந்தால் வருகிறவர் கண்ணில் மரபு தானாகவே படும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையையும் இந்த அளவுகோலை வைத்தே பார்த்திருக்கிறேன்.

எந்த மலை, யாருடைய மலை

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று மத்திய அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேருக்கும் ஆறு சிலை வைத்துவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று அதிகாரிகளுக்குத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இவர்கள் ஒரே நிலத்தில் வாழ்ந்தவர்கள் அல்ல. தோடர்களுடையது எருமை மேயும் மேல்மலைப் புல்வெளி. கோத்தர்கள் இரும்பு, மண், மரம், இசை ஆகியவற்றில் தேர்ந்தவர்கள். தங்கள் ஏழு ஊர்களில் வாழ்கிறார்கள். ஆலுக்குறும்பரும் இருளரும் கிழக்கு, தெற்குச் சரிவுகளின் மக்கள். கோத்தகிரிக்குக் கிழக்கே ரங்கசாமி மலைக் கோயிலில் பூசை செய்வோர் இருளர்கள். பணியரும் காட்டுநாயக்கரும் பெட்டக்குறும்பரும் முள்ளுக்குறும்பரும் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தாழ்ந்த, மழை மிகுந்த காட்டுக்குரியவர்கள். பழங்குடிப் பட்டியலில் இல்லாவிட்டாலும் நூற்றாண்டுகளாக ஹட்டி எனப்படும் ஊர்களில் வாழ்ந்து நிலத்தைப் பண்படுத்திய படகர்களையும் விட்டுவிட்டு நீலகிரியைப் பேச முடியாது.

ஆகவே முதல் விதி: ஒரு பூங்கா, ஒரு பள்ளத்தாக்கு. அந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் யார் வாழ்கிறார்கள், அந்த ஓடையில் யாருடைய எருமை தண்ணீர் குடித்தது, அந்த மேட்டில் யாருடைய சடங்கு நடந்தது என்று விசாரியுங்கள். கூடலூரில் தோடர் குடிசை கட்டுவதும் உதகையில் குறும்பர் தேன்ராட்டு மாதிரி தொங்கவிடுவதும் ஒரே வகைத் தவறு.

இனி சொல்லப்போவது உதகையைச் சுற்றி, கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில், பள்ளத்தின் அடியில் கிடக்கும் சில ஏக்கர் நிலத்தை மனதில் வைத்து எழுதியது. நகராட்சிகளின் கையில் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது அப்படிப்பட்ட நிலம்தான். வீடு கட்ட உதவாத ஈர நிலம் என்று ஒதுக்கியிருப்பார்கள். பூங்காவுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் மந்துக்குப் போங்கள்

வரைபடத்தை முடித்துவிட்டு, பெரியவர்கள் இருவரை அலுவலகத்துக்கு அழைத்து, சால்வை போர்த்திக் கையெழுத்து வாங்குவதைக் கலந்தாலோசனை என்று சொல்லக் கூடாது. வெற்றுத் தாளோடு தோடர் குடியிருப்பான மந்துக்கும் கோத்தர் ஊருக்கும் நீங்கள் போக வேண்டும். போவது ஒருமுறையோடு முடியாது. ஆண்களிடமும் பெண்களிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். தோடர்களில் பால்மனைக் கோயிலைப் பற்றிப் பேசும் உரிமை ஆண்களுடையது. சால்வைப் பூவேலையைப் பற்றிப் பெண்கள்தான் சொல்ல முடியும். வருகிறவர்களின் அன்றைய கூலி போகிறது என்பதை மறக்காமல், ஆலோசனைக்கான ஊதியத்தைத் திட்ட மதிப்பீட்டிலேயே எழுதுங்கள். பொறியாளருக்குக் கட்டணம் தருகிறோம். நிலத்தை அறிந்தவருக்குத் தேநீர் மட்டும் தருவது நியாயமாகாது.

கேட்க வேண்டியவற்றில் முதன்மையானது, எதைக் காட்டக் கூடாது என்பது. தோடர்களின் பால்மனை அவர்களுடைய கோயில். பெண்களும் வெளியாரும் அதற்குள் போவதில்லை. முத்தநாடு மந்தில் உள்ள கூம்பு வடிவக் கோயிலைப் படத்தில் பார்த்த வடிவமைப்பாளர்களுக்கு அதைப் பூங்காவில் நகலெடுக்க ஆசை வரும். யார் வேண்டுமானாலும் நுழைந்து படமெடுக்கும் கோயில் நகல் அவர்கள் மனதை என்ன செய்யும் என்பதை அவர்களிடமே கேளுங்கள். மேற்கே நிற்கும் முக்குறுத்திச் சிகரத்தைத் தோடர்கள் இறந்தவர் செல்லும் மறுவுலகப் பாதையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். காட்சிமேடை எந்தப் பக்கம் பார்த்து நிற்பது, அங்கே எழுதுவதா வேண்டாமா என்பதும் அவர்கள் சொல்ல வேண்டியது.

அடுத்த கேள்வி, இங்கே என்ன விளைந்தால் உங்களுக்குப் பயன்படும் என்பது. இதை யாரும் கேட்பதில்லை. பூங்காவின் உருவத்தையே மாற்றக்கூடிய கேள்வி இதுதான்.

எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். பழங்குடி மக்களின் உரிமைகளுக்கான ஐ.நா. பிரகடனம் (2007) முன்கூட்டியே, முழுத் தகவலோடு, கட்டாயமின்றிப் பெறும் சம்மதத்தை வலியுறுத்துகிறது. நிலம் வனநிலமாக இருந்தால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராமசபையின் பங்கு வருகிறது. செடி, மருந்து பற்றிய மரபறிவைப் பலகையில் எழுதும்போது 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அந்தப் பகுதி திட்டத்திலிருந்து போக வேண்டும்.

சதுப்பைத் திரும்பக் கொண்டுவருதல்

மேலே சொன்ன இரண்டாவது கேள்விக்கு மேல்மலையில் வரக்கூடிய விடைகளில் ஒன்று புல். அரைப்பீப்பாய் போல வளைந்த தோடர் வீட்டுக்கும் கோயிலுக்கும் கூரை வேய்வதற்கு அவர்கள் அவ்ஃபுல் என்று அழைக்கும் புல்லைப் பயன்படுத்துகிறார்கள். நீலகிரிக்கே உரிய இந்தப் புல் பள்ளத்தடிச் சதுப்புகளில் வளர்கிறது. கூரையைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தால் கட்டுக்கட்டாக வேண்டும். சதுப்புகளோ உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் பயிரிட வடிக்கப்பட்டன; அணைகளுக்குள் மூழ்கின; கட்டடங்களுக்கு அடியில் போயின. உதகை ஏரியே 1820களில் ஜான் சல்லிவன் காலத்தில் பள்ளத்தாக்கின் ஓடைகளை மறித்து உண்டாக்கியதுதான். இன்று பெரும்பாலான தோடர்கள் கான்கிரீட் வீடுகளில் வாழ்கிறார்கள், ஆனால் கோயில்களுக்குப் புல் இன்னும் வேண்டும். எங்கோ தொலைவில் தேடி அலைந்து அறுத்து வருகிறார்கள்.

உங்கள் பூங்கா நிலம் பழைய சதுப்பாக இருந்தால், நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய மரபுப்பணி அதை மறுபடி சதுப்பாக்குவதுதான். எந்தச் சிலையும் இதற்கு ஈடாகாது.

எப்படிச் செய்வது? முதல் ஆண்டு எதையும் தோண்டாதீர்கள். ஜூன் தொடங்கி நவம்பர் வரை, தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் அடுத்தடுத்துப் பெய்யும் காலத்தில், நீர் எங்கே ஊறுகிறது, எங்கே நிற்கிறது, எந்த வழியே போகிறது என்று மாதம் ஒருமுறையாவது குறித்து வையுங்கள். காய்கறித் தோட்டக் காலத்தில் வெட்டிய வடிகால்கள் புதருக்குள் மறைந்திருக்கும். அவைதான் நிலத்தை உலர்த்துகின்றன. அவற்றை மேலிருந்து கீழாக, சில மீட்டருக்கு ஒன்றாக, அந்த நிலத்து மண்ணையும் கல்லையும் கொண்டே அடைத்து வாருங்கள். கீழேயிருந்து தொடங்கினால் மேலிருந்து வரும் வெள்ளம் அடைப்புகளை உடைத்துவிடும். ஒவ்வோர் அடைப்பின் ஓரத்திலும் மிகைநீர் வழிந்தோட அகலமான, தாழ்வான வழி வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது: 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட நாளில் பூங்கா வெள்ளத்தைப் பரப்பி மெதுவாக்கினால் கீழேயுள்ள தெருக்களும் பிழைக்கும்.

மேலே எங்காவது சாக்கடைக் குழாய் வந்து விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், அதைத் திருப்பிவிடாமல் மற்ற எந்த வேலையும் தொடங்கக் கூடாது. கழிவுநீரின் உரம் கிகுயு போன்ற வந்தேறிப் புல்லைக் கொழுக்கச் செய்யும். நீங்கள் நடும் சதுப்புப் புல் அதன் அடியில் மூச்சடைத்துச் சாகும். சதுப்பு வந்தால் கொசு வருமே என்று மன்றக் கூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார். தேங்கிய சாக்கடையும் வீசியெறிந்த டப்பாக்களும்தான் கொசு வளர்க்கும். தூய நீர் மெல்ல நகரும் சதுப்பில் தவளையும் தட்டான் குஞ்சுகளும் கொசுப்புழுக்களைத் தின்னும். இதை அவர்களிடம் பொறுமையாக விளக்குங்கள்.

ஈரம் திரும்பியதும் கோரை வகைகள் தாமே வரத் தொடங்கும். அவ்ஃபுல்லின் வேர்த்தூர்களை அருகிலுள்ள சதுப்பிலிருந்து, வனத்துறை அனுமதியோடும் அந்த மந்தின் சம்மதத்தோடும், அந்தச் சதுப்புக்கு இழப்பு தெரியாத அளவில் எடுத்து, மழை பிடித்ததும் நடுங்கள். எங்கே நடுவது, எவ்வளவு நெருக்கம் என்பதை அறுத்துப் பழகியவர் சொல்லட்டும். தூர் கட்டும்வரை சில ஆண்டுகள் அரிவாள் படக் கூடாது. பிறகு எப்போது, யார், எவ்வளவு அறுப்பது என்பதை மந்துகளோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தின்படி விடுங்கள். அறுப்பு நாட்களில் பூங்காவை மூட வேண்டியதில்லை. பார்க்க வருகிறவர் ஓரமாய் நின்று பார்க்கலாம். அனுமதி கேட்காமல் படமெடுக்கக் கூடாது என்ற ஒரு வரிப் பலகை போதும்.

கூரைக்கு வேண்டிய மூங்கிலும் பிரம்பும் பெரும்பாலும் தாழ்ந்த காடுகளின் பொருள். எல்லாவற்றையும் ஒரே பூங்காவில் தந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

மரம் எங்கே, புல் எங்கே

பூங்கா என்றால் மரம் நடுவது என்று பழகிவிட்ட கைகளை இந்த மலையில் கொஞ்சம் கட்டிப்போட வேண்டும். மேல்நீலகிரியின் இயல்பான தோற்றம் திறந்த புல்வெளி. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் மட்டும் அடர்ந்த சோலை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளியில் உறைபனி இறங்குகிறது. திறந்த சரிவில் முளைத்த சோலைமரக் கன்று கருகிப்போகிறது. ஆகவே சரிவில் புல்லை விடுங்கள், மடிப்பில் சோலையை வளருங்கள். திறந்த புல்மேட்டில் மரம் நட்டுச் சுற்றுச்சூழல் தினம் கொண்டாடுவது அந்த நிலத்துக்குச் செய்யும் தீங்கு.

விலக்காக ஒரு மரம் உண்டு: காட்டுப்பூவரசு. சோலையின் விளிம்பிலும் புல்வெளி நடுவிலும் குளிரையும் நெருப்பையும் தாங்கி நிற்கும். குளிர்காலம் கழியும்போது செக்கச்செவேலென்று பூக்கும். சோலைக்குள் மலைநாவல் வகைகள், காட்டுச்செண்பகம், விக்கி, காட்டுப்பட்டை ஆகியவற்றை நடலாம். விளிம்பில் தவிட்டுப்பழச் செடியைக் கட்டாயம் வையுங்கள். நீலகிரிக் குழந்தைகள் பறித்துத் தின்ற பழம் அது. பூங்காவில் பறித்துத் தின்னவும் அனுமதியுங்கள்.

விதை அதே பள்ளத்தாக்கிலிருந்து வர வேண்டும். சோலைக் கன்றுகள் மெதுவாக வளர்பவை. நாற்றங்காலில் ஓரிரு ஆண்டாவது வைத்திருந்து பிறகு நடுங்கள். திறப்பு விழாவுக்கு ஆறு மாதம் முன்பு கன்று கேட்டு ஓடுகிறவருக்குக் கிடைப்பது வெளியூர்ச் செடிதான். முதலில் நாற்றங்காலைத் தொடங்குங்கள், வாயில் வளைவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குறிஞ்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த முறை 2030. பூத்து விதைத்ததும் செடி செத்துவிடும். காய்ந்த குச்சிகள் அசிங்கமாக இருக்கின்றன என்று தோட்டக்காரர் பிடுங்கி எறிந்தால் விதையும் போய்விடும். பூக்காத பதினோரு ஆண்டுகளில் புதர் என்று எண்ணி வெட்டிவிடும் ஆபத்தும் உண்டு. குறிஞ்சிச் சரிவின் எல்லையில் கல் ஊன்றி, பராமரிப்பு ஏட்டில் பன்னிரண்டு ஆண்டுக்கான குறிப்பு எழுதி வையுங்கள். அதற்குள் ஆணையர் எத்தனையோ பேர் மாறுவார்கள். ஏடு இருந்தால் செடி பிழைக்கும்.

நிலத்தில் ஏற்கெனவே வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரங்களும் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களும் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டாதீர்கள். சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். வெட்டித் திறந்ததும், அதிலும் எரித்ததும், பாய் விரித்தாற்போல் முளைக்கும். மடிப்புகளில் நிற்கும் சீகை நிழலைப் பனிக்குடையாக வைத்துக்கொண்டு அதன் அடியில் சோலைக் கன்று நடுங்கள்; கன்று உயர்ந்தபின் சீகையைப் படிப்படியாக எடுக்கலாம். புல்சரிவில் நிற்கும் சீகையை எடுத்தால், அதன்பின் பல ஆண்டுகள் தொடர்ந்து நாற்றைக் கையால் பிடுங்கப் பணம் ஒதுக்க வேண்டும். அந்தப் பணம் இல்லையென்றால் அந்த ஆண்டு அந்தச் சரிவைத் தொடாமல் இருப்பதே மேல். மஞ்சள் பூ பூக்கும் ஸ்காட்ச் புரூமும் முள் நிறைந்த கார்ஸும் இதே குணம் கொண்டவை. அழகாக இருக்கிறதே என்று ஒன்றையும் விட்டுவைக்காதீர்கள்.

களையை வேலையாக மாற்றவும் வழி உண்டு. கூடலூர்ப் பக்கத்தில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் காட்டை அடைத்த உண்ணிச்செடியின் தண்டை வேகவைத்து வளைத்து ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்கிறார்கள். அந்த யானைக் கூட்டம் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றது. பிறகு அமெரிக்காவிலும் வலம் வந்தது. ஒவ்வொன்றும் அவர்கள் தினம் பார்த்துப் பழகிய யானைகளின் வடிவம். சிமெண்ட் சிலைக்குச் செலவிடும் பணத்தைத் தாழ்மலைப் பூங்காக்கள் இப்படிச் செலவிட்டால் களையும் குறையும், கூலியும் ஊருக்குள் நிற்கும்.

பாதையும் கல்லும்

பாதைக்கு நிலத்தில் ஏற்கெனவே தடம் இருக்கும். எருமையும் விறகு சுமந்த பெண்களும் போட்ட ஒற்றையடிப் பாதை பெரும்பாலும் சரிவை இதமாகச் சுற்றிப் போகும். அதையே பின்பற்றுங்கள். பேவர் பிளாக் வேண்டாம். மழைநீர் அதன்மேல் ஓடிச் சரிவை அரிக்கும். அந்த நிலத்தில் தோண்டி எடுத்த கல்லே படியாகவும் தாங்குசுவராகவும் ஆகட்டும். சிட்னியில் சரக்குப் பெட்டக முனையமாக இருந்த இடத்தில் 2015 ஆகஸ்டில் திறந்த பாரங்காரு பூங்காவில் இப்படித்தான் செய்தார்கள். அந்த இடத்திலேயே வெட்டிய ஏறத்தாழ 10,000 மணற்கல் துண்டுகளால் கரையை அமைத்தார்கள்; 75,000க்கும் மேற்பட்ட மரஞ்செடிகளை நட்டார்கள்; அவற்றில் ஏறக்குறைய எல்லாமே சிட்னிப் பகுதிக்குரியவை. பூங்காவின் பெயர் அந்தத் துறைமுகத்தில் வாழ்ந்த ஒரு கேமரேகல் பூர்வகுடிப் பெண்ணின் பெயர். அங்கே வருகிறவர்களுக்குக் கதை சொல்லிச் சுற்றிக் காட்டுகிறவர்களும் அந்த மண்ணின் பூர்வகுடியினர். அது ஊதியத்தோடு கூடிய வேலை.

சதுப்பின்மேல் மரப்பாலம் ஓர் ஓரத்தில் மட்டும் போதும். நடுவில் போட்டால் சதுப்பு இரண்டாகும், பறவையும் வராது. கட்டடம் என்று கழிப்பறை, கருவி அறை, ஒரு கூரைத் திண்ணை தவிர எதுவும் வேண்டியதில்லை. திண்ணை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். கோத்தர் பெண்கள் பானை வனைந்து காட்டவோ பூவேலை செய்யும் தோடப் பெண்கள் உட்கார்ந்து தைக்கவோ விற்கவோ விரும்பினால் இடம் வேண்டும். வாடகை வாங்காதீர்கள்.

பூவேலையும் பலகையும்

தோடர் பூவேலை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைத் துணியில் நூல் எண்ணிச் சிவப்பும் கறுப்புமாய்ப் பெண்கள் போடும் அந்த வேலையைத் தரை ஓட்டிலும் குப்பைத்தொட்டியிலும் அச்சடிப்பது வடிவமைப்பாளர்களின் வாடிக்கையாகிவிட்டது. இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் அந்தப் பூவேலைச் சால்வையில்தான். காலில் மிதிபடும் இடத்தில் அது கூடாது என்பது என் கருத்து. வேறு இடத்தில் வைக்கலாமா என்று பெண்களிடம் கேளுங்கள், இசைந்தால் அவர்கள் கையால் செய்ததை விலை கொடுத்து வாங்குங்கள்.

பலகைகள் குறைவாக இருக்கட்டும். செடியின் பெயரைத் தமிழிலும் அந்தந்தச் சமூகத்தின் மொழியிலும் எழுதுங்கள். தோட மொழியின் பல ஒலிகளுக்குத் தமிழில் எழுத்து இல்லை. மந்துப் பெரியவர் ஒருவர் சொல்லிப் பதிவு செய்த குரலைக் கைப்பேசியில் கேட்க ஒரு குறியீட்டுச் சதுரம் வைப்பது நல்லது. அந்தப் பதிவின் உரிமை அவர்களிடமே இருக்க வேண்டும்.

பராமரிப்பு

பூங்காக்கள் பெரும்பாலும் சாவது இந்த இடத்தில்தான். கட்டுமானத்துக்குக் கோடியில் பணம் வரும், மூன்றாம் ஆண்டு களை பிடுங்க ஆள் இருக்காது. மொத்த மதிப்பீட்டில் பத்தாண்டுப் பராமரிப்பைப் பிரிக்க முடியாத பகுதியாகச் சேருங்கள். வேலையாட்களில் பெரும்பாலோர் அந்தப் பள்ளத்தாக்கின் சமூகங்களிலிருந்து, நிரந்தர ஊதியத்தில், வரட்டும். புல்சரிவை முன்காலத்தில் தோடர்கள் பருவம் பார்த்து எரித்துப் புதுப்பித்தார்கள். ஊர்நடுவே அது முடியாது. அதற்குப் பதிலாக, விதை உதிர்ந்தபின் ஒரு பகுதி, அடுத்த ஆண்டு மறு பகுதி என்று சுழற்சியில் அறுங்கள். மந்துக்காரர்கள் விரும்பினால் சில வாரம் எருமைகளை மேயவிடுவது இன்னும் நல்லது. வேலிக்கு எருமை நுழையும் அகலத்தில் ஒரு படல் வைத்து, அதன் சாவியில் ஒன்றை மந்திலும் கொடுத்து வையுங்கள்.

மேற்பார்வைக் குழுவில் நகராட்சி, வனத்துறை, தோட்டக்கலைத்துறை ஆட்களோடு சமூகங்களின் பிரதிநிதிகள் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எதைக் காட்டுவது, எதை அறுப்பது, எதை அகற்றுவது ஆகிய மூன்றிலும் அவர்கள் மறுத்தால் அதுவே முடிவு என்று குழு விதியில் எழுதுங்கள். கூட்டம் ஆண்டுக்கு இரண்டு: ஒன்று மழைக்கு முன், மற்றொன்று பனி இறங்கும் முன். இரண்டையும் பூங்காவின் திண்ணையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.